மார்பக சுயபரிசோதனை: கைக்குத் தெரிவதும் வாய்க்கு வருவதும்

எங்கள் அத்தாச்சி பூக் கட்டுபவர். விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை மொட்டு எடுத்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தபடியே கட்டிக்கொண்டிருப்பார். நசுங்கிய மொட்டோ காம்பு ஒடிந்த மொட்டோ கையில் வந்தால் கண் அந்தப் பக்கம் திரும்பவே திரும்பாது. விரலே அதை ஒதுக்கிவிடும். அப்படிப்பட்ட கையில், ஒரு தை மாதம் சோப்புப் போடும்போது இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அதை அவர் வாயைத் திறந்து எங்களிடம் சொன்னது புரட்டாசியில். நடுவில் எட்டு மாதம் ஓடிவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வலிக்கவே இல்லையே தாயி, அப்புறம் என்னத்தச் சொல்ல?" என்றார். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஆவணியில் மகள் கல்யாணம். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆம்பளை டாக்டர் பார்ப்பார். வீட்டில் யாரிடம், என்ன வார்த்தை சொல்லி ஆரம்பிப்பது?

கடைசிக் காரணத்தை நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். மூன்று தனங்களோடு பிறந்த தடாதகையின் கதையைக் கோயிலில் குழந்தைகளுக்கே சொல்கிறோம். கண்ணகி தன் இடமுலையைத் திருகி எறிந்து எரித்ததாகச் சொல்லும் ஊரும் எங்கள் மதுரைதான். ஆனாலும் இங்கே ஒரு பெண், டாக்டரிடம் போய் "நெஞ்சுப் பக்கம் ஒரு மாதிரியா இருக்கு" என்றுதான் சொல்கிறாள். அதைக் கேட்டு இசிஜி எடுக்க அனுப்பினால் டாக்டரைக் குறை சொல்ல முடியாது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

சுயபரிசோதனை என்றால் என்ன?

மாதம் ஒரு முறை நம் மார்பை நாமே கண்ணால் பார்த்து, கையால் தடவி, போன மாதம் இருந்தபடிதான் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது. ஊசி, மெஷின், செலவு எதுவும் கிடையாது. பத்து நிமிடம் போதும். இருபது வயதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பலரும் இதைப் புற்றுநோயைத் தேடும் வேலையாக நினைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் கை வைக்கவே பயம் வருகிறது. உண்மையில் முதல் மூன்று நான்கு மாதங்களுக்கு நாம் எதையும் தேடுவதில்லை, பழகுகிறோம். புது வீட்டுக்குக் குடிபோனால் இருட்டில் சுவிட்ச் எங்கே, வாசற்படி எங்கே என்று கைகாலுக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆகும். பழகிவிட்டால் நாற்காலி ஒரு அடி நகர்ந்திருந்தாலும் இருட்டிலேயே தெரிந்துவிடும். அந்தப் பழக்கம்தான் இங்கேயும் வேண்டும்.

ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டால், இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022ஆம் ஆண்டுக்குப் போட்ட மதிப்பீட்டின்படி, அந்த ஒரு வருடத்தில் மட்டும் நம் நாட்டில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இது புதிதாக வந்தது. சுமார் 98,000 பேர் இறந்தார்கள். வெளிநாட்டில் அறுபதை ஒட்டி அதிகம் வருவது நம் நாட்டில் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலுமே வந்துவிடுகிறது.

ஆனால் இது சீக்கிரம் பிடித்தால் வசப்படும் நோய். மார்பகத்தைத் தாண்டாத நிலையில் தெரியவந்தவர்களில் 100க்குச் சுமார் 80 பேர் ஐந்து வருடம் கழித்தும் உயிரோடு இருக்கிறார்கள் என்று நம் நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேடுகள் காட்டுகின்றன. எலும்பு, நுரையீரல், கல்லீரல் என்று பரவிய பிறகு தெரிந்தால் அது 20க்கும் கீழே போய்விடுகிறது. கொண்டைக்கடலை அளவில் கையில் பட்ட கட்டிக்கும், எலுமிச்சம்பழ அளவு ஆன பிறகு காட்டும் கட்டிக்கும் வைத்தியமே வேறு. சின்னதாக இருந்தால் பெரும்பாலும் கட்டியை மட்டும் எடுத்து மார்பைக் காப்பாற்றிவிடலாம். அத்தாச்சிக்கு முழுதாக எடுக்க வேண்டியதாயிற்று. அக்குளில் இருந்த நெறிகளையும் எடுத்ததால், இப்போதும் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போலப் பூக் கட்டினால் இடது கை வீங்கிக்கொள்கிறது. வளையலை அந்தக் கையிலிருந்து கழற்றி வலது கையில் சேர்த்துப் போட்டிருக்கிறார்.

எந்த நாள்?

விலக்கு வருவதற்கு முந்தைய வாரம் வேண்டவே வேண்டாம். ஹார்மோன் ஏறி இறங்குவதால் அந்த நாட்களில் மார்பு கனத்து, வலித்து, அங்கங்கே கட்டி கட்டியாகத் தட்டுப்படும். அப்போது தொட்டுப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். தலைக்கு ஊற்றி மூன்று நான்கு நாள் கழித்துப் பாருங்கள். விலக்கான முதல் நாளிலிருந்து எண்ணினால் ஏழாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில் வரும். அந்தச் சமயத்தில்தான் மார்பு இளகி இருக்கும்.

விலக்கு நின்றவர்களுக்கும் கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கும் ஏதாவது ஒரு தேதி போதும், ஆனால் மாதாமாதம் அதே தேதியாக இருக்க வேண்டும். இங்கேதான் பழக்கம் நழுவும். "ஏதாவது ஒரு நாள் பார்த்துக்கலாம்" என்றால் அந்த நாள் வரவே வராது. அத்தாச்சி வலது மார்புக்கும் தழும்பு உள்ள இடத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் 15ஆம் தேதியை ஒட்டிக் கணக்கில் ஏறி, செல்போனில் மெசேஜ் வருமே, அன்றைக்குப் பார்த்துவிடுவார். மெசேஜ் சத்தம் கேட்டால் முதலில் பணம், அப்புறம் பரிசோதனை. உங்களுக்கு அந்தப் பணம் வராவிட்டால் தமிழ் மாதப் பிறப்பு, கிருத்திகை, மாதத்தின் முதல் வெள்ளி என்று எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். பிரதோஷம் வேண்டாம், மாதத்துக்கு இரண்டு வந்துவிடும். அடிக்கடி பார்த்தால் மாற்றம் தெரியாது, கவலைதான் மிஞ்சும்.

முதலில் கண்

குளிக்கும்போது பாவாடையை நெஞ்சுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டே குளித்து, அதோடே மாற்றுத் துணிக்கு மாறிப் பழகியவர்கள் நாம். லைன் வீடுகளில் நாலைந்து குடும்பத்துக்கு ஒரே குளியலறை, வெளியே ஆள் காத்துக்கொண்டு நிற்கும். இரண்டு பிள்ளை பெற்றும் தன் மார்பைத் தானே கண்ணாடியில் பார்த்திராத பெண்கள் எத்தனையோ பேர். ஒட்டுப் பொட்டு ஒட்டி வைத்த கைக்கண்ணாடி இதற்கு ஆகாது. பீரோ கண்ணாடிதான் சரி. கதவைத் தாழ் போட்டுவிட்டு, ஜன்னல் வெளிச்சமோ டியூப்லைட்டோ முகத்துக்கு நேரே விழும்படி நில்லுங்கள்.

கைகளைத் தொங்கவிட்டபடி ஒரு முறை பாருங்கள். அப்புறம் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஒரு முறை. கடைசியாக இரண்டு கையையும் இடுப்பில் வைத்து அழுத்தி, லேசாக முன்னால் குனிந்து ஒரு முறை. கையை ஏன் தூக்கச் சொல்கிறார்கள் என்றால், உள்ளே ஏதாவது ஒட்டிப் பிடித்து இழுத்தால் சும்மா நிற்கும்போது தெரியாத குழி, சதை இழுபடும்போது தெரிந்துவிடும். ஒரு மார்பு மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பது சகஜம். பல பேருக்கு அப்படித்தான். புதிதாக வந்த வித்தியாசத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை என்னென்ன? தோலில் ஒரு இடம் மட்டும் உள்வாங்கிக் குழி விழுந்திருப்பது. சாத்துக்குடித் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகத் தடித்திருப்பது. சிவந்து வீங்கி இருப்பது. முன்பு வெளியே இருந்த காம்பு இப்போது உள்ளே இழுத்துக்கொண்டிருப்பது. காம்பில் புண், செதில் உதிர்வது, ஆறாத அரிப்பு. தானாகவே நீரோ ரத்தமோ கசிந்து ரவிக்கையில் கறை படுவது. சிலர் காம்பைப் பிதுக்கிப் பார்ப்பார்கள், அது தேவையில்லை. பிதுக்கினால் பல பேருக்கு ஏதாவது ஒரு சொட்டு வரத்தான் செய்யும். தானாக வருவதுதான் கணக்கு, அதிலும் ஒரு பக்கம் மட்டும் வருவது.

அப்புறம் கை

பாயில் மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். இடது மார்பைப் பார்க்கும்போது இடது தோளுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்து, இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோங்கள். மார்பு பரவி, அடிச்சதை மெல்லியதாகி, கைக்குத் தோதாக இருக்கும். வலது கையின் நடு மூன்று விரல்களால் பாருங்கள். விரல் நுனி வேண்டாம். ரேஷன் கடை மெஷினில் ரேகை வைக்கிறோமே, அந்தச் சதைப் பகுதி. நுனியால் குத்தினால் எல்லாமே கட்டியாகத்தான் தெரியும்.

ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சின்ன வட்டமாக விரலைச் சுழற்ற வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் மூன்று அழுத்தம். முதலில் தோல் மட்டும் நகரும்படி லேசாக. அடுத்து நடுச்சதை வரை. கடைசியில் விலா எலும்பு தட்டும் வரை அழுத்தி. அப்புறம் விரலை எடுக்காமல் பக்கத்து இடத்துக்கு நகர்த்துங்கள். வயலில் சால் விட்டு உழுகிற மாதிரி, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று இடைவெளி விடாமல் போக வேண்டும். மேலே காறை எலும்பு, கீழே பாடியின் அடிப்பட்டை அழுத்தும் கோடு, உள்ளே நடு நெஞ்செலும்பு, வெளியே அக்குளின் நடுக்கோடு. இந்த நாலு எல்லைக்குள் ஒரு இடமும் விடக் கூடாது. முடிந்ததும் கை மாற்றி அடுத்த பக்கம்.

அக்குள் பக்கத்து மேல் மூலையில் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மார்பகச் சதை அந்த இடத்தில் ஒரு வால் மாதிரி அக்குளுக்குள் நீண்டு போகிறது. கட்டிகள் அதிகம் வருவதும் அங்கேதான். அக்குள் குழிக்குள்ளும் விரலை விட்டுப் பாருங்கள். அப்போது கையைத் தூக்க வேண்டாம், தொங்கவிட்டால்தான் குழி இளகிக் கொடுக்கும்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்களுக்கு ஒரு வசதி. எண்ணெய்க் கையோ சோப்புக் கையோ வழுக்கிக்கொண்டு போவதால் உள்ளே இருப்பது நன்றாகத் தெரியும். குறித்த நாளை ஒட்டி வரும் வெள்ளியில் பார்த்துவிட்டால் தனியாக நேரம் ஒதுக்கவும் வேண்டாம்.

முதல் முறை கை வைக்கும்போது நிச்சயம் பயம் வரும். ஏனென்றால் மார்பு என்பது ஒரே சீராக மாவு மாதிரி இருக்காது. துணிப் பையில் நொய் போட்டுத் தடவினால் எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அப்படித்தான் பலருக்கும் இருக்கும். மார்பின் அடி மடிப்பில் ஒரு வரப்பு மாதிரி தடிப்பு இருக்கும், அது இயல்பு. அழுத்தினால் விலா எலும்பு தட்டுப்படும், அதைக் கட்டி என்று நினைத்துப் பதறுபவர்கள் உண்டு. நானும் பதறியிருக்கிறேன். சந்தேகம் வந்தால் அடுத்த மார்பில் அதே இடத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கேயும் அப்படியே இருந்தால் பெரும்பாலும் உங்கள் உடம்பின் வாகே அதுதான்.

ஒரு பக்கம் மட்டும், சுற்றியுள்ள சதையோடு சேராமல், தனியாக ஒன்று கெட்டியாகத் தட்டுப்பட்டால் அதுதான் டாக்டரிடம் காட்ட வேண்டியது. புற்றுக்கட்டி பெரும்பாலும் கல் மாதிரி கெட்டியாக, ஓரம் ஒழுங்கில்லாமல், அசைத்தால் அசையாமல் இருக்கும். இளம்பெண்களுக்கு வரும் சாதாரண நார்க்கட்டி கோலிக்குண்டு மாதிரி விரலுக்கு அடியில் வழுக்கி ஓடும். ஆனால் இதை வைத்து நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள், கைக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது. கையில் படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே அல்ல. அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்கு வலித்தால்தான் நோய். அத்தாச்சியின் எட்டு மாதம் போனது இந்தக் கணக்கில்தான். புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

பால் கொடுக்கும் தாய்மாருக்கு இது கொஞ்சம் குழப்பமான காலம். பால் கட்டிக்கொண்டால் கட்டி மாதிரியே இருக்கும், வலியும் காய்ச்சலும்கூட வரும். இந்தப் பக்கம் பால் வற்ற மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். பாட்டி வைத்தியம்தானே என்று தள்ளிவிட வேண்டாம். மல்லிகைக்கும் பாலை நிறுத்தும் மாத்திரைக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 1988இல் மருத்துவ இதழ் ஒன்றில் ஆய்வே வந்திருக்கிறது. ஆனால் மல்லிகை பாலை வற்றவைக்குமே தவிர, கட்டியைக் கரைக்காது. பிள்ளைக்குக் கொடுத்த பிறகும் கரையாத கட்டி இரண்டு வாரத்துக்கு மேல் அதே இடத்தில் நின்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பால் கொடுத்தவளுக்கு வராது என்றும், குடும்பத்தில் யாருக்கும் இல்லாததால் வராது என்றும் சொல்வார்கள். பால் கொடுப்பது ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. குடும்ப வழியாக மரபணுவில் வருவது பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

இது எவ்வளவு தூரம் உதவும்?

இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல விழிப்புணர்வுக் கூட்டங்களில் சொல்வதில்லை. சீனாவில் ஷாங்காய் நகரத்து நெசவாலைகளில் 1989இலிருந்து 2,66,064 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சுயபரிசோதனையை முறையாகச் சொல்லிக்கொடுத்துப் பத்து வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். 2002இல் முடிவு வந்தது. மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்களின் எண்ணிக்கையில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. சாதாரணக் கட்டிகளுக்காகச் சதை எடுத்துச் சோதித்தது மட்டும் சொல்லிக்கொடுத்த பிரிவில் அதிகம்.

அப்படியானால் எதற்கு இது? நான் புரிந்துகொண்டவரை, சுயபரிசோதனையைத் தனியாக ஒரு டெஸ்ட் மாதிரி நினைத்து "நான் மாதாமாதம் பார்க்கிறேன், எனக்கு ஒன்றுமில்லை" என்று இருந்துவிடக் கூடாது. கைக்குத் தட்டாத அளவில் இருப்பதையும் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, பெரும்பாலும் காட்டிவிடும். நாற்பதைத் தாண்டியவர்கள் அதை எப்போது எடுக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் நம் ஊரில் அத்தனை பெண்களுக்கும் வருடா வருடம் மேமோகிராம் எடுக்கும் ஏற்பாடு இல்லை. இங்கே பெரும்பாலும் கட்டியை முதலில் கண்டுபிடிப்பது அந்தப் பெண்ணின் கைதான். கண்டுபிடித்த பிறகுதான் மாதக்கணக்கில் தாமதமாகிறது. அந்தத் தாமதத்தைக் குறைப்பதற்குத்தான் இந்தப் பழக்கம்.

இன்னொருவர் கையால் பார்ப்பதில் பலன் இருக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே ஆதாரம் உண்டு. மும்பையில் 1998இல் தொடங்கி இருபது வருடம் நடந்த டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு அது. குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மார்பைக் கையாலேயே பரிசோதித்தார்கள். அந்தப் பிரிவில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடையே மார்பகப் புற்றுநோய்ச் சாவு சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது.

அதே மாதிரி பரிசோதனை நமக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் நர்சம்மாவே பார்த்துச் சொல்லுவார். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் அதோடு உண்டு. மேலூரோ உசிலம்பட்டியோ சோழவந்தானோ, பக்கத்தில் இருப்பதற்குப் போய், "என் கையால் பார்த்துப் பழகணும், ஒரு தடவை காட்டிக் கொடுங்க" என்று கேட்டால் காட்டிக் கொடுப்பார்கள். எழுத்தில் படிப்பதைவிட அது எவ்வளவோ மேல். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

ஏதாவது தட்டுப்பட்டால்

ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரத்துக்குள் டாக்டர் முன்னால் உட்கார்ந்துவிடுங்கள். அன்று ராத்திரியே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். அது யார் என்பதைக் கட்டி வருவதற்கு முன்பே யோசித்து வையுங்கள். புருஷனாக இருக்கலாம், மதினியாக இருக்கலாம், எதிர்வீட்டு அக்காவாக இருக்கலாம். சொல்ல ஆள் ரெடியாக இருந்தால் பாதித் தயக்கம் போய்விடும்.

பலர் நேரே பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் போகிறார்கள். தவறில்லை, ஆனால் அரசு மருத்துவமனையில் மார்புக் கட்டியைப் பார்ப்பது அறுவை சிகிச்சைப் பிரிவு. மதுரை பெரியாஸ்பத்திரியிலும் சீட்டு போடும் இடத்தில் "மார்பில் கட்டி, சர்ஜரி ஓபி" என்று சொன்னால் அனுப்பிவைப்பார்கள். பெண் டாக்டரைக் கேட்கலாம். இல்லாவிட்டால் நர்ஸ் ஒருவர் கூட நிற்க வேண்டும் என்று கேட்கலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 104க்குப் போன் செய்யுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள், புற்றுநோய் வைத்தியம் அதில் அடங்கும்.

அங்கே மூன்று காரியம் நடக்கும். டாக்டர் கையால் பார்ப்பார். வயதைப் பொறுத்து ஸ்கேனோ மேமோகிராமோ எடுப்பார்கள், இளம்பெண்களுக்கு மார்புச் சதை அடர்த்தியாக இருப்பதால் பெரும்பாலும் ஸ்கேன்தான் முதலில். தேவைப்பட்டால் ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிப்பார்கள். இந்த மூன்றாவதுக்குத்தான் ஜனங்கள் ஓடிவிடுகிறார்கள். "ஊசி குத்துனா பரவிரும், கத்தி பட்டா முடிஞ்சிச்சு" என்று பக்கத்து பெஞ்சில் இருப்பவரே சொல்லுவார். ஊசி குத்துவதால் நோய் முற்றிவிடுவதில்லை. அந்தச் சோதனை இல்லாமல் என்ன கட்டி என்றும் தெரியாது, என்ன மருந்து என்றும் தெரியாது.

எப்போதிலிருந்து இருக்கிறது என்று டாக்டர் கேட்பார். அன்று அத்தாச்சிக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். "ஒரு வாரமாத்தான் சார்" என்றார். திட்டுவார்களோ என்று பயம். தை மாதக் கதை எனக்கே பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் தெரிந்தது. மறுநாள் திரும்பப் போய்ச் சரியான மாதத்தைச் சொல்லி நோட்டில் எழுத வைத்தோம். கட்டி எவ்வளவு நாளில் எவ்வளவு வளர்ந்தது என்பது டாக்டருக்குத் தேவையான கணக்கு. எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் உள்ளதைச் சொல்லிவிடுங்கள், திட்டினால் திட்டட்டும்.